பழக் கடப்பாசி: கடைக்கு வருகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

கீழக்கரையில் எனக்குச் சின்னதாக ஒரு பலசரக்குக் கடை. நோன்புப் பிறை தெரிந்ததும் கல்லாவுக்கு மேலே கடப்பாசிப் பாக்கெட்டுகளைச் சரம் சரமாகத் தொங்கவிட்டுவிடுவேன். பெருநாள் கழிந்துதான் இறக்குவேன். பாக்கெட்டில் வருகிற பாசிக்கும் கடப்பாசி என்றுதான் பெயர், அதைக் கரைத்துப் பழம் போட்டு உறையவைக்கிற இனிப்புக்கும் அதே பெயர்தான். பாக்கெட்டை வாங்கிக்கொண்டு போகிறவர்கள் தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து சந்தேகம் கேட்பார்கள். வீட்டுக்குப் போனவர்கள் போனில் கேட்பார்கள், அதுவும் சரியாகக் கடையில் கூட்டம் நெரிகிற நேரத்தில். "எழுதி வச்சிருங்க வாப்பா, கேக்கறவங்களுக்கு அனுப்பிவிடலாம்" என்றாள் மகள். எழுதிவிட்டேன். செய்முறை உம்மாவுடையது. கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே போட்டிருக்கிறேன். எங்கள் ஊரில் உம்மா என்றால் அம்மா, காக்கா என்றால் அண்ணன். டம்ளர் என்றால் 200 மில்லி பிடிக்கிற டம்ளர்.

காக்கா, கடப்பாசி, அகர் அகர், சைனா கிராஸ் மூணும் ஒண்ணா, வேற வேறயா?

மூன்றும் ஒன்றுதான். சிவப்பு இனத்துக் கடற்பாசிகளைக் கொதிக்க வைத்து, வடித்து, உறையவைத்து, காயவைத்து எடுப்பது. அகர் அகர் என்பது மலாய்ச் சொல். மலேசியாவிலும் பெருநாளுக்கு இது இல்லாத வீடு குறைவு. கடையில் இழையாகவும் வரும், தூளாகவும் வரும். நான் இரண்டும் விற்கிறேன். என் வீட்டுக்கு எடுத்துப் போவது இழை. தூள் சீக்கிரம் கரையும், ஆனால் சில தூளில் வேறு மாவு கலந்திருக்கும். இழையில் அப்படிக் கலக்க வழியில்லை.

ஜெலட்டினும் இதே மாதிரிதானே? அதை வாங்கினா ஆகாதா?

ஜெலட்டின் மாடு, பன்றி போன்றவற்றின் தோலிலும் எலும்பிலும் இருந்து எடுப்பது. எதிலிருந்து எடுத்தது என்று பாக்கெட்டில் எழுதாமல் இருந்தால் எங்கள் வீடுகளில் வாங்க மாட்டார்கள். சைவக்காரர்கள் எப்படியிருந்தாலும் வாங்க மாட்டார்கள். கடப்பாசியில் யாருக்கும் அந்தக் கேள்வியே வராது. தீபாவளிக்கும் போகும், கிறிஸ்துமஸுக்கும் போகும்.

இன்னொரு வித்தியாசம்தான் நம் ஊருக்கு முக்கியம். ஜெலட்டின் உடம்புச் சூட்டிலேயே உருகிவிடும். மே மாத மத்தியானத்தில் மேசையில் வைத்தால் சர்பத்தாகிவிடும். கடப்பாசி ஒருமுறை உறைந்துவிட்டால் 85 டிகிரி சூடு காட்டினால்தான் மறுபடி உருகும். இதை வைத்து ஒரு கதை உண்டு. 1881இல் ஜெர்மனியில் ராபர்ட் காக்கின் ஆய்வகத்தில் கிருமி வளர்க்கும் ஜெலட்டின் தட்டுகள் கோடையில் உருகி வழிந்துகொண்டிருந்தன. அங்கே வேலை பார்த்தவரின் மனைவி ஃபானி ஹெஸ்ஸே, "என் சமையலறையில் பழக்கூழ் உறையவைக்கிற அகரைப் போட்டுப் பாருங்கள்" என்றார். ஜாவாவில் இருந்துவிட்டு வந்த ஒரு பக்கத்து வீட்டுக்காரரிடம் அவர் கற்றுக்கொண்டது அது. இன்றைக்கும் ரத்தப் பரிசோதனைக்கூடங்களில் கிருமி வளர்ப்பது கடப்பாசித் தட்டில்தான்.

ஒரு பாக்கெட்டுக்கு எத்தனை டம்ளர் தண்ணி ஊத்தணும்?

ஒரு பாக்கெட், அதாவது 10 கிராம் இழைக்கு முடிவில் 4 டம்ளர் நிற்க வேண்டும். கத்தி போட்டு வெட்டினால் ஓரம் உடையாமல் வரும், வாயில் வைத்தால் வழுக்கிக்கொண்டு போகும். குழைவாகக் கரண்டியில் அள்ளிச் சாப்பிடப் பிடிக்குமென்றால் 5 டம்ளர் வரை போகலாம். தூளாக இருந்தால் 4 டம்ளருக்குத் தலைதட்டிய 3 டீஸ்பூன் போதும்.

"முடிவில்" என்று சொன்னதைக் கவனியுங்கள். கால் மணி நேரம் கொதிக்கும்போது அரை டம்ளராவது ஆவியாகப் போய்விடும். அதனால் ஊற்றும்போது நாலரை. தண்ணீர் மட்டுமில்லாமல் பால், இளநீர், பழச்சாறு எல்லாமே இந்தக் கணக்குக்குள்தான். "4 டம்ளர் தண்ணிதான் ஊத்தினேன், ஆனா உறையலை" என்று வருகிறவர்களிடம் பால் எவ்வளவு என்று கேட்டால், "அது 2 டம்ளர்" என்பார்கள்.

முழுசையும் ஒரே மூச்சுல சொல்லுங்களேன்.

10 கிராம் இழையைக் கத்தரிக்கோலால் விரல் நீளத்துக்கு வெட்டி, நாலரை டம்ளர் பச்சைத் தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவையுங்கள். அது ஊறட்டும். அந்த நேரத்தில் 2 டம்ளர் அளவுக்குப் பழத்தைச் சுண்டுவிரல் நக அளவில் நறுக்கி, 2 மேசைக்கரண்டி சீனி தூவிக் குலுக்கி மூடி வைத்துவிடுங்கள். ஊறிய பாசியை அதே தண்ணீரோடு அடுப்பில் ஏற்றி, கொதி வந்ததும் தீயைக் குறைத்து, முழுக்கக் கரையும்வரை கிண்டுங்கள். கரைந்த பிறகு முக்கால் டம்ளர் சீனி. அது கரைந்து இன்னும் 2 நிமிடம். இறக்கி வடிகட்டுங்கள்.

ஆவி அடங்கட்டும். விரல் விட்டால் சுட வேண்டும், ஆனால் விரலை எடுத்துவிடும்படி சுடக் கூடாது. அப்போது ரோஸ் எசன்ஸ் 2 சொட்டு. ஒரு தட்டைத் தண்ணீரில் அலசி, துடைக்காமல், பாதியை ஊற்றுங்கள். மேலே ஆடை மாதிரி பிடித்ததும் பழத்தை வடித்துப் பரப்பி, மீதியைக் கரண்டியின் பின்பக்கத்தில் விழும்படி மெல்ல ஊற்றுங்கள். ஒரு மணி நேரத்தில் வெட்டலாம். பால் கடப்பாசி வேண்டுமென்றால் இரண்டரை டம்ளர் தண்ணீரில் பாசியைக் கரைத்துவிட்டு, தனியாகக் காய்ச்சிய சூடான பால் 2 டம்ளரைச் சேருங்கள். பாலிலேயே பாசியைப் போட்டுக் கரைக்கப் பார்த்தால் பால்தான் அடிப்பிடிக்கும்.

கரைஞ்சிருச்சா இல்லையான்னு எப்படிக் கண்டுபிடிக்கறது?

கடப்பாசி கெட்டுப்போனதாக என்னிடம் வருகிற பத்துப் பேரில் ஏழெட்டுப் பேர் இந்த இடத்தில்தான் அவசரப்பட்டிருப்பார்கள். தண்ணீர் கொதித்தால் பாசி கரைந்துவிட்டது என்று நினைக்கிறார்கள். கொதிக்கிற தண்ணீரில் இழை கண்ணுக்குத் தெரியாமல் கண்ணாடி மாதிரி மிதக்கும். இருக்கிறது என்றே தெரியாது.

உம்மா ஒரு குழிக்கரண்டியில் கொஞ்சம் மொண்டு, சன்னல் பக்கம் போய், வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து மெல்லச் சாய்ப்பார்கள். கரையாத இழை இருந்தால் கரண்டி விளிம்பில் முடி மாதிரி ஒட்டிக்கொண்டு நிற்கும். ஒரு இழை கண்டாலும் "இன்னும் ஆகலை" என்று திரும்ப அடுப்பில். விளிம்பில் எதுவும் ஒட்டாமல் வழிந்தால் அடுத்த சோதனை: எவர்சில்வர் தட்டில் ஒரு சொட்டு விட்டு ஒரு நிமிடம் பொறுத்து விரலால் தள்ளுவார்கள். சொட்டு சுருங்கிக்கொண்டு நகர வேண்டும். ஓடினால் தண்ணீர் அதிகம். நான் சின்னப் பையனாக இருந்தபோது அந்தத் தட்டுச் சொட்டுகளைத் தின்னத்தான் அடுப்படியில் நிற்பேன்.

நேரம் கேட்டால் இழைக்கு 10 முதல் 15 நிமிடம், தூளுக்கு 3 முதல் 5 நிமிடம். ஆனாலும் கடிகாரத்தை நம்பாதீர்கள், கரண்டியைப் பாருங்கள்.

சீனியை முதல்லயே போட்டா வேலை மிச்சம்தானே?

மிச்சமில்லை. சீனி தண்ணீரைத் தன்பக்கம் இழுத்துப் பிடித்துக்கொள்ளும். பாசி கரையவும் அதே தண்ணீர்தான் வேண்டும். சீனி முந்திக்கொண்டால் பாசி அரைகுறையாக நின்றுவிடும், நீங்களும் அடுப்பருகே கூடுதலாகப் பத்து நிமிடம் நிற்பீர்கள். பாசி கரைந்த பிறகுதான் சீனி.

ருசி பார்க்கும்போது சூட்டில் கொஞ்சம் தூக்கலாக இனித்தால் அதுதான் சரியான அளவு. குளிர்ந்தபின் இனிப்பு ஒரு படி இறங்கும்.

பழத்துக்குச் சீனி தூவி ஊறவைக்கணும்னு என்ன கட்டாயம்? அப்படியே போடக் கூடாதா மாமா?

போடலாம், அன்றைக்கே சாப்பிட்டு முடிப்பதாக இருந்தால். நறுக்கிய பழம் தண்ணீர் விட்டுக்கொண்டே இருக்கும். உறைந்த கடப்பாசிக்குள் உட்கார்ந்து தண்ணீர் விட்டால் பழத்தைச் சுற்றி ஒரு குளம் கட்டும். வெட்டும்போது துண்டு அங்கேதான் உடையும், தட்டில் தண்ணீர் தேங்கும். சீனி தூவி அரை மணி நேரம் வைத்தால், பழம் விட வேண்டிய தண்ணீரில் பெரும்பங்கை முன்கூட்டியே விட்டுவிடும். பழமும் கொஞ்சம் இறுகும், இனிப்பும் உள்ளே ஏறும். பல்லில் படும்போது பழம் வேறு, பாசி வேறு என்று தெரியும்.

இறங்கிய சீனிச்சாற்றைக் கொட்டாதீர்கள். அதுதான் இதிலேயே வாசமான பொருள். அளந்து பாருங்கள். அரை டம்ளர் இருந்தால், முன்பு சொன்ன 4 டம்ளர் கணக்கில் தண்ணீரை அரை டம்ளர் குறைத்துவிட்டு, இறக்கி வடித்த பாசியோடு இந்தச் சாற்றைச் சேருங்கள். சீனியையும் ஒரு கரண்டி குறைத்துக்கொள்ளுங்கள். மாம்பழச் சாறாக இருந்தால் நிறத்துக்கு வேறு எதுவும் வேண்டாம்.

எந்தப் பழம் நல்லா வரும்? எது வேண்டாம்?

மாதுளை, பேரீச்சை, விதையில்லாத் திராட்சை, கெட்டியான மாம்பழம், அதிகம் கனியாத சப்போட்டா, ஆப்பிள் எல்லாம் நன்றாக வரும். பேரீச்சைக்குச் சீனி தூவ வேண்டாம், அதுவே சீனிதான். தர்பூசணி எவ்வளவு சீனி போட்டாலும் தண்ணீர் விட்டுக்கொண்டே இருக்கும், நான் போட மாட்டேன். வாழைப்பழம் ருசியில் குறையில்லை, சில மணி நேரத்தில் கறுத்துப்போகும். விருந்தாளிக்கு வைக்க முடியாது.

இந்தக் கரையோரத்துக்கு என்று கேட்டால் நுங்கும் இளநீர் வழுக்கையும்தான். நுங்கைத் தோல் நீக்கி, கண்ணாடிபோல நான்காக அரிந்து, ரோஸ் நிறக் கடப்பாசிக்குள் விட்டால் அதற்கு ஈடாக ஒன்றைச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. சிக்கல் என்னவென்றால் நோன்பு ஒவ்வொரு வருஷமும் சுமார் 11 நாள் முன்னால் நகரும். 2016, 2017இல் ஜூன் மாத நோன்பு: நுங்கும் மாம்பழமும் தெருவெங்கும் கிடைத்தன. 2026இல் நோன்பு பிப்ரவரியிலேயே தொடங்கிவிட்டது, நுங்கு எங்கே கிடைக்கும்? மாதுளையும் திராட்சையும்தான். கிடைக்கிற பழத்தைப் போடுங்கள், டின் பழத்துக்கு ஓடாதீர்கள்.

அன்னாசி போட்டா உறையாதுன்னு யூடியூப்ல சொல்றாங்களே?

அது ஜெலட்டினுக்குச் சொன்னது. பச்சை அன்னாசியிலும் பப்பாளியிலும் புரதத்தை அறுத்துப்போடுகிற நொதி இருக்கிறது. ஜெலட்டின் புரதம், அதனால் உறையாது. கடப்பாசி புரதம் இல்லை, நார்ச்சத்து. அந்த நொதியால் இதை ஒன்றும் செய்ய முடியாது. தண்ணீர்க் கடப்பாசியில் தாராளமாக அன்னாசி போடுங்கள்.

பால் கடப்பாசியில் மட்டும் போடாதீர்கள். பாலிலும் புரதம் உண்டு, நொதி அதன்மேல் வேலை செய்து கசக்க வைக்கும். நான் பட்டுத் தெரிந்துகொண்டது இது. கல்யாணமான முதல் வருஷம், மாமனார் வீட்டார் நோன்பு திறக்க வந்த நாள், அழகாக இருக்கட்டும் என்று பால் கடப்பாசிக்குள் பச்சை அன்னாசியை வரிசையாக அடுக்கினேன். பார்க்கப் படம்போல இருந்தது. மாமி ஒரு துண்டை வாயில் போட்டு, எதுவும் சொல்லாமல் தண்ணீர் குடித்தார்கள். சாயங்காலத்துக்குள் வேப்பங்கொழுந்துக் கசப்பு. கட்டாயம் அன்னாசிதான் வேண்டுமென்றால் துண்டுகளைச் சீனியோடு 5 நிமிடம் கொதிக்கவிட்டு ஆறவைத்துப் போடுங்கள். சூட்டில் நொதி செத்துவிடும்.

எலுமிச்சம்பழம் பிழிஞ்சேன், விடிய விடிய தண்ணியாவே நின்னுருச்சு.

அடுப்பில் இருக்கும்போதே பிழிந்திருப்பீர்கள். புளிப்போடு சேர்த்துக் கொதிக்கவிட்டால் பாசியின் பிடிமானம் அறுந்துவிடும். எலுமிச்சை, ஆரஞ்சு, புளிப்பு மாங்காய் எதுவாக இருந்தாலும் இறக்கி, வடித்து, ஆவி அடங்கிய பிறகுதான். நிறையச் சாறு சேர்ப்பதாக இருந்தால் பாசியையும் 2 கிராம் கூட்டிக்கொள்ளுங்கள்.

பழமெல்லாம் ஒண்ணு அடியில போய் உக்காருது, இல்லைன்னா மேல மிதக்குது. நடுவுல நிக்க என்ன வழி?

சூடாக இருக்கும்போது எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டிக் கலக்கினால் அப்படித்தான். கனமானது இறங்கும், லேசானது ஏறும். முழுமுறையில் சொன்னபடி பாதி ஊற்றி, ஆடை பிடித்த பிறகு பழம். ஆடை என்றால் விரல் நுனியால் தொட்டால் ஒட்டவேண்டும், அழுத்தினால் உடையவேண்டும். அதுதான் பதம்.

பழம் பிரிட்ஜிலிருந்து எடுத்த சில்லிப்போடு இருக்கக் கூடாது. சில்லென்ற துண்டின்மேல் பாசி பட்டதும் அங்கேயே உறைந்து கட்டி கட்டியாக ஒட்டும். அடுத்த கரண்டி அதன்மேல் சேராது. பழம் வெளியில் இருந்து அறையின் சூட்டுக்கு வந்திருக்க வேண்டும்.

கீழ பால், மேல ரோஸ் வச்சேன். வெட்டும்போது ரெண்டும் தனித்தனியா கழண்டு வருது காக்கா.

கீழ் அடுக்கு முழுக்க இறுகிய பிறகு மேலே ஊற்றியிருக்கிறீர்கள். மேலே சொன்ன அதே ஆடைப் பதத்தில் ஊற்றினால் இரண்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். தவறவிட்டால் இறுகிய பரப்பில் முள்கரண்டியால் லேசாகக் கீறிவிட்டு, அடுத்ததைச் சற்றுச் சூடாகவே ஊற்றுங்கள். மேல் அடுக்குப் பாத்திரத்தை அதுவரை வெந்நீர்ச் சட்டிக்குள் உட்கார வையுங்கள், இல்லையென்றால் அது சட்டியிலேயே உறைந்துவிடும்.

சாயப்பொடி போடாம நிறம் வருமா?

வரும். மாதுளைச் சாறு, பீட்ரூட் ஒரு துண்டு போட்டுக் கொதித்த தண்ணீர், சங்குப்பூ ஊறிய வெந்நீர். சங்குப்பூ நீலத்தில் கடைசியாக எலுமிச்சை நாலு சொட்டு விட்டால் ஊதாவாக மாறும், பிள்ளைகள் கைதட்டுவார்கள்.

இளநீர்க் கடப்பாசிக்கு இளநீரையே கொதிக்கவைக்கலாமா?

கொதித்தால் இளநீர் வாசம் போய்விடும், பிறகு வெறும் சீனித் தண்ணீர்தான். 10 கிராம் பாசியை இரண்டரை டம்ளர் தண்ணீரில் கரைத்து 2 டம்ளருக்குக் கொண்டுவாருங்கள். 2 டம்ளர் இளநீரை வெந்நீர்ச் சட்டியில் வைத்து வெதுவெதுப்பாக்கி, கிண்டிக்கொண்டே பாசியில் ஊற்றுங்கள். குளிர்ந்த இளநீரை ஊற்றினால் சில்லென்ற பழத்துக்குச் சொன்ன அதே கதைதான், கட்டி கட்டியாகத் திரியும். வழுக்கையை மெல்லிய நாடாவாகக் கீறிப் போடுங்கள். சீனி பாதியே போதும்.

சீனிக்குப் பதில் கருப்பட்டி போட்டா எப்படி இருக்கும் அண்ணே?

பனங்காட்டு ஊரில் இருந்துகொண்டு இதைக் கேட்காவிட்டால்தான் அதிசயம். நன்றாக இருக்கும். கருப்பட்டியைத் தனியாகக் கால் டம்ளர் தண்ணீரில் கரைத்து, மெல்லிய துணியில் வடியுங்கள். எவ்வளவு நல்ல கருப்பட்டியிலும் அடியில் மண் நிற்கும். தேங்காய்ப்பாலோடு சேர்ந்தால் தொதல் என்கிற எங்கள் ஊர் இனிப்பின் ருசி எட்டிப் பார்க்கும். தொதலுக்கு மணிக்கணக்காகத் துடுப்புப் போட வேண்டும், இதற்கு அந்தப் பாடு இல்லை.

பசும்பாலோடு கருப்பட்டியைக் கொதிக்கவிட்டால் திரிந்துபோக வாய்ப்பு உண்டு. பாலும் பாசியும் சேர்த்து இறக்கிய பிறகு, ஆறிய கருப்பட்டிப் பாகை ஊற்றுங்கள். நிறம் மண்சட்டி நிறமாகத்தான் வரும், பழம் வெளியே தெரியாது. அதனால் கருப்பட்டிக்குப் பேரீச்சையும் நுங்கும் போதும், மாதுளையை வீணாக்காதீர்கள்.

எங்க தெரு போர்த் தண்ணி உப்பு. அதுலயே செய்யலாமா?

உறையும். ஆனால் இனிப்புக்குப் பின்னால் உப்பு நாக்கில் நிற்கும். காவிரித் தண்ணீரோ கேன் தண்ணீரோ எடுங்கள்.

வீட்டுல பிரிட்ஜ் இல்லை. உறையுமா?

உறையும். பாசி உறைவதற்கு 35 முதல் 40 டிகிரிக்குக் கீழே வந்தால் போதும். ஆனால் நம் ஊர் சித்திரை வெயிலில் ஓட்டு வீட்டுக்குள் காற்றே அந்தச் சூட்டுக்குக் கிட்ட வந்துவிடும், அதனால் மெதுவாகத்தான் நடக்கும். அகலமான தாம்பாளத்தில் பானைத் தண்ணீர் ஊற்றி, அதற்குள் கடப்பாசித் தட்டை வையுங்கள். கடற்காற்று வருகிற சன்னல் பக்கம் என்றால் இன்னும் நல்லது. பிரிட்ஜ் இல்லாத காலத்தில் உம்மா அப்படித்தான் செய்தார்கள். பிற்பகல் தொழுகைக்கு அழைக்கிற அஸர் பாங்குக்கு ஊற்றினால், பொழுது சாய்ந்து நோன்பு திறக்கிற மஃக்ரிபுக்கு வெட்டத் தயாராக இருக்கும்.

உறைவது வேறு, கெடாமல் இருப்பது வேறு. பிரிட்ஜ் இல்லாதவர்கள் பால் கடப்பாசி செய்தால் 2 மணி நேரத்துக்குள் சாப்பிட்டு முடித்துவிடுங்கள்.

பெருநாளைக்கு முந்தின ராத்திரியே செஞ்சு வைக்கலாமா? ஃப்ரீசர்ல வச்சா இன்னும் நாள் தாங்குமா?

முந்தின இரவு செய்யலாம். பிரிட்ஜில் மூடி வையுங்கள். மூடாவிட்டால் மேற்பரப்பு தோல்போலக் காயும், மீன் வாசமும் பிடிக்கும். நம் வீட்டுப் பிரிட்ஜில் மீன் இல்லாத நாள் ஏது? இரண்டு நாள் தாங்கும். தட்டில் கொஞ்சம் தண்ணீர் கசிந்தால் சாய்த்துக் கொட்டிவிடுங்கள், அது இயல்புதான்.

ஃப்ரீசர் கூடவே கூடாது. உறைபனியில் பாசிக்குள் இருக்கும் தண்ணீர் தனியாகப் பிரியும், உருகியதும் வெறும் பஞ்சு மிஞ்சும். பாசி இழையையே அப்படித்தான் தயாரிக்கிறார்கள், முதல் கேள்விக்குச் சொன்ன உறையவைப்பது அதுதான். நீங்கள் செய்த இனிப்பைத் திரும்பப் பாக்கெட் பாசியாக்கிவிடுவீர்கள்.

உறையவே இல்லை. கொட்டிரவா?

கொட்டாதீர்கள். ஏன் உறையவில்லை என்று முதலில் பாருங்கள். அடியில் இழை இழையாகக் கிடந்தால் கரையவில்லை; திரும்பக் கொதிக்கவைத்துக் கரண்டிச் சோதனை செய்யுங்கள். இழையே இல்லாமல் கூழாக இருந்தால் தண்ணீர் அதிகம். 3 கிராம் பாசியை அரை டம்ளர் தண்ணீரில் தனியாகக் கரைத்து, பழையதையும் சூடாக்கி, ஒன்றாகச் சேருங்கள். பழம் போட்டிருந்தால் அதற்கு முன் வடித்து எடுத்துவிட வேண்டும். பழத்தோடு கொதித்தால் அது ஜாம்.

எலுமிச்சை பிழிந்து கொதிக்கவிட்டதாக இருந்தால் திரும்பக் கொதிக்கவைப்பது இன்னும் கெடுக்கும். அதை ஐஸ் போட்டுச் சர்பத்தாகக் குடித்துவிடுங்கள். சப்ஜா விதை தூவினால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.

சுகர் இருக்கறவங்க சாப்பிடலாமா? குழந்தைக்குக் கொடுக்கலாமா?

பாசியில் சர்க்கரை இல்லை, அது நார்ச்சத்து. ஆனால் இதில் முக்கால் டம்ளர் சீனி போட்டிருக்கிறோமே. "கடப்பாசி உடம்புக்குக் குளிர்ச்சி, சுகருக்கு ஒண்ணும் செய்யாது" என்று சொல்லி நாலு துண்டு சாப்பிடுகிற பெரியவர்களை எனக்குத் தெரியும். பாசி ஒன்றும் செய்யாதுதான், சீனி செய்யும். அவர்களுக்கென்று சீனியில்லாத இளநீர்க் கடப்பாசியில் வழுக்கை மட்டும் போட்டு ஒரு சின்னக் கிண்ணம் தனியாக வையுங்கள். இளநீரிலும் இயற்கை இனிப்பு உண்டு, அளவோடுதான்.

சின்னக் குழந்தைகளுக்குத் துண்டாகக் கொடுக்காதீர்கள், வழுக்கித் தொண்டையில் அடைக்கும். கரண்டியால் மசித்து ஊட்டுங்கள். முழுத் திராட்சை உள்ள துண்டு வேண்டவே வேண்டாம்.

நாங்க பாம்பன் பக்கம் சின்னப்பாலம். எங்க அம்மா பாசி எடுக்கப் போறவங்க. அந்தப் பாசியையே காய்ச்சினா ஆகாதா அண்ணே?

கேட்ட பிள்ளைக்குக் கல்லூரி வயதுதான் இருக்கும். அம்மா விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, முகத்தில் கண்ணாடி மாட்டி, மூச்சடக்கி முங்கிப் பாறையில் இருந்து பாசி பிய்க்கிறவர். அந்தப் பாசி மூட்டையாகப் போய், வேறெங்கோ அகராகி, பாக்கெட்டில் என் கடைக்கு வருகிறது. அதை அந்த வீட்டுப் பிள்ளையே காசு கொடுத்து வாங்குகிறது. எனக்குப் பாக்கெட்டுக்குக் காசு வாங்கக் கை கூசியது.

பதில் பாசியைப் பொறுத்தது. மரிக்கொழுந்துப் பாசியும் கஞ்சிப்பாசியும் அகர் கொடுக்கும். கஞ்சிப்பாசியில் கஞ்சி காய்ச்சிக் குடித்தது இந்தக் கரையின் பழைய வழக்கம், பெயரே அதில் வந்ததுதான். கட்டக்கோரை, பக்கடாப் பாசி இரண்டும் வேறு இனம், உறையாது. மூங்கில் மிதவையில் கட்டி வளர்க்கிறார்களே, 2000-ஐ ஒட்டி பெப்சி நிறுவனம் இங்கே கொண்டுவந்ததால் பெப்சிப் பாசி என்றே பெயர் விழுந்தது, அது கொடுப்பது கராஜீனன். அதுவும் உறையும் சரக்குதான், ஆனால் இங்கே சொன்ன அளவும் சூடும் அதற்குப் பொருந்தாது.

வீட்டில் செய்து பார்க்க வேண்டுமென்றால் கஞ்சிப்பாசியை மணல், சிப்பி, வேறு பாசி எல்லாம் போக அலசி, நல்ல தண்ணீரில் நனைத்து நனைத்து வெயிலில் காயவைக்க வேண்டும். நாலைந்து நாளில் ஊதா நிறமும் கடல் வாடையும் போய் வைக்கோல் நிறமாகும். பிறகு ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் கொதிக்கவிட்டு, சூடாக இருக்கும்போதே துணியில் பிழிந்து வடிக்க வேண்டும். வருவது பாக்கெட் பாசி அளவுக்குக் கெட்டியாக உறையாது, குழைவாகத்தான் நிற்கும். கரையில் ஒதுங்கி அழுகிக் கிடப்பதை எடுக்காதீர்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் தேசியப் பூங்கா என்பது அம்மாவுக்கு என்னைவிட நன்றாகத் தெரிந்திருக்கும்.

கல்யாணத்துக்கு 100 பேர். எத்தனை பாக்கெட் தரட்டும்னு நீங்களே சொல்லுங்க.

10 கிராம் பாசியும் பழமும் சேர்ந்து சுமார் ஒரு லிட்டர் வரும். ஒரு சாணுக்குச் சற்றுக் குறைந்த சதுரத் தட்டில் ஊற்றினால் 25 துண்டு. ஆளுக்கு இரண்டு என்றால் 8 பாக்கெட். நான் 9 தருவேன், ஒரு தட்டு எப்படியும் அடுக்களையிலேயே காலியாகிவிடும்.

எட்டையும் ஒரே அண்டாவில் கொதிக்கவைக்காதீர்கள். பெரிய அண்டாவில் ஆவி போகும் கணக்கு மாறும், நாலரை டம்ளர் விதி அங்கே செல்லாது. ஊற்றிக்கொண்டிருக்கும்போதே அண்டா ஓரம் உறையவும் தொடங்கும். நாலு நாலாக இரண்டு தடவை செய்யுங்கள். பந்தியில் வைக்கும்போது நுங்குக் கடப்பாசியைக் கடைசியில் எடுங்கள், அதுதான் முதலில் தண்ணீர் விடும்.

தம்பி, நாங்க தங்கச்சிமடம். கிறிஸ்துமஸுக்கு ஓவன் இல்லாம, கேக் மாதிரி முழுசா நிக்கற ஒண்ணு செய்யணும்.

செய்யலாம் அக்கா. முழுசாக நிற்க வேண்டுமென்பதால் 10 கிராமுக்கு மூன்றரை டம்ளர்தான். உட்புறம் வழவழப்பான கிண்ணமோ பழைய அலுமினிய அச்சோ எடுத்துத் தண்ணீரில் அலசுங்கள். கவிழ்க்கும்போது அடி மேலாக வரும், அதனால் முதலில் ஊற்றுவதுதான் மேலே தெரியப் போகிறது. கால் டம்ளர் தெளிந்த கடப்பாசியை ஊற்றி, ஆடைப் பதத்தில் மாதுளை முத்தும் திராட்சைப் பாதிகளும் கோலம்போல அடுக்குங்கள். அதன்மேல் இன்னும் இரண்டு கரண்டி தெளிந்தது. அது பிடித்ததும் பேரீச்சை, முந்திரி கலந்த பால் கடப்பாசியை நிரப்புங்கள்.

பிரிட்ஜில் 3 மணி நேரம். எடுத்து ஓரம் முழுக்க விரலால் உள்பக்கமாக லேசாக அழுத்தி விலக்குங்கள், காற்று உள்ளே போனால்தான் கழலும். கவிழ்க்கப் போகும் தட்டையும் தண்ணீரில் நனைத்துக்கொள்ளுங்கள். காய்ந்த தட்டில் விழுந்தால் விழுந்த இடத்திலேயே ஒட்டிக்கொள்ளும். ஈரத் தட்டில் என்றால் கோணலாக விழுந்தாலும் கையால் மெல்லத் தள்ளி நடுவுக்குக் கொண்டுவந்துவிடலாம்.